வடக்குச் சுவரை எப்படிக் கட்டப் போகிறோம்?

(சிறப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில், சுவர் பணிக்கான துணைக்குழு சார்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



வடக்குச் சுவருக்கு நான்கு கோட்டேஷன் வந்திருக்கிறது. நான்கையும் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வந்த பதில்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "சதுர அடிக்கு எது குறைவு?" தப்பில்லாத கேள்வி. சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நான்கு தாள்களும் ஒரே சுவருக்கான நான்கு விலைகள் அல்ல. நான்கு வேறு வேறு சுவர்களுக்கான விலைகள். அதில் ஒன்று நமக்குச் சுவராகவே நிற்காது. அதை விளக்கத்தான் என்னை இன்றைக்குப் பேசச் சொன்னார்கள். ஓசூர், பெங்களூர் சைட்டுகளில் முப்பது வருடம் சூப்பர்வைசராக நின்றவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

முதலில் பழைய சுவர் ஏன் விழுந்தது என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் புதுச் சுவர் பேசினால், அதே சுவரைத்தான் இன்னொரு முறை கட்டுவோம்.

2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் மழை. அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ரோட்டில் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை டிவியில் நாடே பார்த்தது. கல்லாவியில் நமக்குப் போனது வடக்குச் சுவரில் அறுபது அடி. "அவ்வளவு மழைக்கு எந்தச் சுவர்தான் நிற்கும்?" என்று பலர் கேட்டீர்கள். மற்ற மூன்று பக்கமும் அதே கல், அதே மேஸ்திரி, அதே வருடம் கட்டியதுதான். அவை நிற்கின்றனவே?

வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. நம் மனை தாழ்வாக இருந்ததால், கட்டும்போது வடக்குப் பக்கம் மண் அடித்து மேடாக்கினார்கள். உள்ளே விளையாட்டுத் திடலில் நின்றால் சுவர் நம் தோள் உயரம்கூட வராது. வெளியே போய் நின்றால் 8 அடி. அதாவது கீழ் 4 அடி சுவர் வேலியாக நிற்கவில்லை, நம் மண்ணைத் தாங்கிக்கொண்டு நின்றது. 6 இன்ச் சாலிட் பிளாக்கை இந்த வேலைக்கு வைத்திருக்கவே கூடாது.

கணக்கு ரொம்ப எளிது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம். சுவருக்குப் பின்னால் 4 அடி, அதாவது 1.2 மீட்டர் தண்ணீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டும் 720 கிலோ விசையில் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல் தனி. 6 இன்ச் கனம், 8 அடி உயரம் உள்ள சாலிட் பிளாக் சுவர் மீட்டருக்குச் சுமார் 750 கிலோ எடை இருக்கும். "எடையும் தள்ளலும் சமமாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். ஆனால் தண்ணீர் தள்ளுவது அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில். சுவரின் எடை அதை எதிர்த்துப் பிடிப்பது அதன் பாதிக் கனத்தில், வெறும் 7.5 சென்டிமீட்டரில். பெருக்கிப் பாருங்கள். கவிழ்க்கிற பலம், நிறுத்துகிற பலத்தைப் போல் ஐந்து மடங்கு. இத்தனை வருடம் அதைப் பிடித்திருந்தது பத்தடிக்கு ஒன்றாக இருந்த தூண்கள்தான். தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டைகூட இல்லாததால் அன்று தூண்களும் சாய்ந்தன.

சுவர் விழுந்தது வெளிப்பக்கம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். லைன் வீடுகள் இருக்கின்றன. போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு முதல் ஷிஃப்ட் போகிற பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏற நடக்கிற தடம் இருக்கிறது. மழை காரணமாக அன்று யாரும் அந்த நேரம் அங்கே இல்லை. 2019-இல் இதே டிசம்பர் 2 அன்று விடியற்காலை, மேட்டுப்பாளையம் பக்கம் நடூரில் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் மழையில் ஊறிச் சரிந்து, கீழே இருந்த ஓட்டு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தச் சுவரைக் கட்டியவர் இல்லை. நம் சுவரைப் பற்றிய முடிவை நாம் கைதூக்கி எடுக்கிறோம். அதன் அடியில் நடக்கிறவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. கோட்டேஷன் பார்க்கும்போது இதை ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோட்டேஷனுக்கு வருவோம்.

நான்கிலும் விலை குறைவானது ரெடிமேட் காம்பவுண்டு. கான்கிரீட் கம்பம் நட்டு, இரண்டு பக்கக் காடியிலும் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவது. கலவையே கிடையாது. இரண்டு நாளில் முடியும். ஊத்தங்கரை போகிற வழியில் காலி மனைகளைச் சுற்றி நிற்பதெல்லாம் அதுதான். இரண்டு பக்கமும் மட்டமான மனைக்கு அது தாராளமாகப் போதும். நம் தெற்குப் பக்கம் என்றால் நானே கையெழுத்துப் போடுவேன். வடக்கில் 4 அடி மண்ணை அந்த மெல்லிய பலகைகளின் மேல் சாய்க்க முடியாது. எனவே அதை எடுத்து வைத்துவிடலாம்.

இரண்டாவது தாள் ஏ.ஏ.சி. பிளாக். நம் வீட்டு உள்சுவர்கள் எல்லாம் அதுதான். வெள்ளையாக, பெரிதாக, தூக்கினால் லேசாக இருக்குமே அது. சுவீடன் நாட்டில் 1920-களில் யோகான் ஆக்செல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர் கண்டுபிடித்தது. சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலவையில் அலுமினியப் பொடி சேர்த்து இட்லி மாவு போலப் பொங்கவிட்டு, பிறகு நீராவி அழுத்தத்தில் வேகவைப்பார்கள். கன மீட்டருக்கு 600 கிலோ அளவுதான் எடை. அளவு துல்லியமாக இருப்பதால், சாதாரண பிளாக்குக்கு 10 மி.மீ. கலவை வைக்கிற இடத்தில், பசைக் கலவையை 3 மி.மீ. இழுத்துவிட்டு ஒட்டிக்கொண்டே போகலாம். சித்தாள் வேலை குறைவு, தண்ணீர்ச் செலவு குறைவு, பீம் மேல் பாரம் குறைவு. மாடிக் கட்டடத்தின் உள்சுவருக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் மண்ணைத் தடுக்கிற சுவருக்கு எடை வேண்டும், ஈரத்தைத் தாங்க வேண்டும். இரண்டிலும் ஏ.ஏ.சி. பின்தங்கும். கீழ் வரிசை வருடத்தில் நான்கு மாதம் ஈர மண்ணில் இருந்தால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோட்டேஷன் கொடுத்தவர் நல்ல வேலைக்காரர்தான். அவர் கைக்குப் பழகின பொருளைச் சொல்லியிருக்கிறார்.

ஆக, மிச்சம் இரண்டு. சாலிட் பிளாக்கும் ஹாலோ பிளாக்கும். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் இரண்டிலும் கல்லைவிடக் கட்டுகிற விதத்தில்தான் வித்தியாசம் வருகிறது.

சாலிட் பிளாக் நம் பக்கத்துக் கொத்தனார்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 16க்கு 8க்கு 6 இன்ச் கல் ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. கீழே ஒரு வரி கலவை, கல்லை வைத்துத் தட்டு, நூலுக்கு நேராக்கு, அடுத்தது. இதில் நடக்கிற திருட்டு ஒன்றுதான். அது சந்துகளில் நடக்கும். படுக்கையில் கலவை போடுவார்கள். இரண்டு கல்லுக்கு நடுவே நிற்கிற செங்குத்துச் சந்தில் கலவை திணிக்காமல், முன்னாலும் பின்னாலும் கரணையால் ஒரு இழுப்பு இழுத்து மூடிவிடுவார்கள். பூச்சு ஏறிவிட்டால் கடவுளுக்கும் தெரியாது. பூசுவதற்கு முந்தைய இரவு ஒருவர் அந்தப் பக்கம் டார்ச் அடிக்க, இன்னொருவர் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும். வெளிச்சம் வருகிற சந்தெல்லாம் வெறும் சந்து.

இன்னொன்று, செங்கல் கட்டின பழக்கத்தில் பிளாக்கையும் தொட்டியில் ஊறப்போடுவார்கள். செங்கல்லை ஊறவைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். கான்கிரீட் கல் அப்படியில்லை. ஊறினால் கொஞ்சம் உப்பும், சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கும். ஐ.எஸ். 2185 என்ற இந்தியத் தரவிதி, பிளாக் காய்ந்து சுருங்குவதை 0.06 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. அற்பமாகத் தெரியும். 30 அடிச் சுவருக்கு அது 5 மி.மீ.க்கு மேல் வரும். எங்கேயாவது அந்த 5 மி.மீ. பிளந்தே தீரும். அதனால்தான் வெயில் காலத்தில் கல்லின் மேல்பரப்பை லேசாகத் தெளித்தால் போதும் என்பார்கள். நீளச் சுவரில் 20 அடிக்கு ஒரு இடத்தில் நாமே வேண்டுமென்று அரை இன்ச் இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் தூண் நிறுத்திவிடலாம். பிளவு எங்கே வரவேண்டும் என்று நாம் சொன்ன இடத்தில் வரும்.

கலவையில் சிமெண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்று ஏ பிளாக்கிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருந்தார். பிளாக் சுவரில் ஒன்றுக்கு ஆறு கலவை சரியாக வரும். அதைவிட அதிகம் சிமெண்ட் போட்டால் கலவை கல்லைவிடக் கெட்டியாகி, சுவர் சுருங்கும்போது சந்து விரியாமல் கல்லே உடையும். எம்-சாண்ட் மட்டும் தூசி கலக்காமல் வர வேண்டும். கிரஷர் சூழ்ந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு தூசியை மணல் விலைக்கு வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஹாலோ பிளாக்கை மூன்று விதமாகக் கட்டலாம். கல்லின் முழு முகத்திலும் கலவை வைப்பது ஒன்று. வெளி விளிம்புகளில் மட்டும் வைப்பது இன்னொன்று. இதில் வெளி ஈரம் குறுக்கே கடந்து உள்ளே வருவது குறையும். மூன்றாவது, பொந்துக்குள் கம்பி இறக்கி, சின்ன ஜல்லி கான்கிரீட் ஊற்றுவது. முதல் இரண்டும் வெறும் அடைப்புச் சுவர். மூன்றாவது முறையில் சுவருக்குள்ளேயே வரிசையாகச் சின்னத் தூண்கள் முளைக்கின்றன. பக்கத்திலிருந்து தள்ளினால் நிற்க வேண்டிய சுவருக்கு, என் அனுபவத்தில், இதற்கு நிகர் இல்லை.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. அதை ஜப்பான்காரர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1978-இல் மியாகி நிலநடுக்கத்தில் இறந்த 28 பேரில் 18 பேர் கட்டடம் விழுந்து சாகவில்லை. பிளாக் சுற்றுச்சுவர், வாசல் தூண் போன்றவை மேலே விழுந்து செத்தார்கள். அங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. பிளாக் சுற்றுச்சுவர் 2.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. குறுக்கும் நெடுக்கும் 80 செ.மீ.க்கு ஒரு கம்பி. 1.2 மீட்டரைத் தாண்டினால் 3.4 மீட்டருக்கு ஒரு முட்டுச் சுவர். இவ்வளவு இருந்தும், 2018 ஜூன் 18 அன்று ஒசாக்கா நிலநடுக்கத்தில், தகாத்சுகி நகரில் பள்ளிக்கூட நீச்சல் குளத்துச் சுவர் சாய்ந்து, பள்ளிக்கு நடந்துவந்த 9 வயதுச் சிறுமி இறந்தாள். கீழே 1.9 மீட்டர் கான்கிரீட் அடிச்சுவர், அதன் மேல் 1.6 மீட்டர் பிளாக். கம்பி இல்லாமல் இல்லை. கீழ்ச் சுவரையும் மேல் பிளாக்கையும் பிணைக்கிற கம்பி நீளம் போதவில்லை.

நமக்கு அந்த அளவு நிலநடுக்கப் பயம் இல்லை. ஆனால் நாம் கட்டப்போவதும் கீழே ஒன்று, மேலே ஒன்று என்ற அதே மாதிரிச் சுவர்தான். நம் ஊர்ப் பக்கத்தில் நான் பார்த்த மோசடி இது: சுவர் முழுக்கக் கட்டி முடித்துவிட்டு, மேலிருந்து இரண்டடிக் கம்பியைப் பொந்தில் சொருகி, வாயை மட்டும் கான்கிரீட்டால் அடைப்பது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நுனியைப் பார்த்தால் அஸ்திவாரத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும். அதனால் கம்பி எப்போது வைக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. அஸ்திவாரக் கான்கிரீட் போடும் நாளிலேயே கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். கல்லை அதன் மேல் மாலை கோர்ப்பது போல இறக்க வேண்டும். மூன்று வரிசைக்கு ஒரு முறை பொந்தில் விழுந்த கலவையைச் சுத்தம் செய்து, கான்கிரீட் ஊற்றி, கம்பியால் குத்திவிட வேண்டும். இந்த மூன்றையும் மேஸ்திரி "சரிங்க" என்று சொன்னால் போதாது. நம்மில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

கலவையே இல்லாமல் பிளாக்கை அடுக்கி, இரண்டு பக்கமும் கண்ணாடி இழை கலந்த சிமெண்ட் பூச்சு பூசும் முறை ஒன்றையும் சி பிளாக் தம்பி ஒருவர் யூடியூபில் பார்த்து அனுப்பியிருந்தார். அது உண்மையான முறைதான், அமெரிக்காவில் 1960-களிலிருந்து இருக்கிறது. இங்கே அந்தப் பூச்சைத் தெரிந்து பூசுகிற ஆளைத் தேடுவதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும்.

துணைக்குழுவின் பரிந்துரை இதுதான். மண்ணைத் தாங்கும் கீழ் 4 அடியை எந்த பிளாக்கிலும் கட்ட வேண்டாம். இன்ஜினியர் வரைபடம் வாங்கி, கம்பி கட்டிய கான்கிரீட் தாங்குசுவர் போடுவோம். சைஸ் கல்லில் கட்டலாமே, கல்லாவி என்று பேரிலேயே கல்லை வைத்துக்கொண்டு கான்கிரீட் எதற்கு என்று கேட்டார்கள். கட்டலாம். ஆனால் கல் சுவர் தன் எடையால் மட்டும்தான் நிற்கும், அடியில் நல்ல அகலம் வேண்டும். அந்த அகலத்தை விளையாட்டுத் திடலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நடூரில் விழுந்ததும் கருங்கல்தான். எதில் கட்டினாலும் 5 அடிக்கு ஒரு 3 இன்ச் பைப் ஓட்டை, அதன் பின்னால் மண்ணுக்கு முன் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி. அன்று நம்மைக் கவிழ்த்த தண்ணீருக்கு வழி அதுதான். கோட்டேஷன் நான்கிலும் இந்தப் பைப் இல்லை.

அதன் மேலே வரும் 4 அடிக்கு 8 இன்ச் ஹாலோ பிளாக். இரண்டு கல்லுக்கு ஒரு பொந்தில் கம்பி, தாங்குசுவருக்குள் இருந்தே எழும்பி வர வேண்டும். உச்சியில் ஒரு பெல்ட் கான்கிரீட். 20 அடிக்கு ஒரு இடைவெளி. ஒரு நாளில் 4 அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த ஏழு நாளுக்கு போர் மோட்டார் யார் போடுவது என்று இப்போதே ஒரு பேர் எழுதிவிட்டால், பிறகு சண்டை வராது.

கல் வாங்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எந்தத் தேதியில் போட்ட கல்?" தரவிதிப்படி பிளாக்குக்கு 14 நாள் தண்ணீர், அதன் பிறகு நான்கு வாரம் காய்ச்சல். போன வாரம் போட்ட கல்லை இந்த வாரம் லோடு ஏற்றுகிற இடங்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் வீட்டு எடை மிஷினே போதும். காய்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த லோடு திரும்பிப் போகட்டும். சோதனைக்கு எடுத்த கல்லை மட்டும் சுவரில் வைக்காதீர்கள். ஊறிய கல் என்று இப்போதுதானே சொன்னேன்.

கேள்வி நேரத்துக்கு முன்னால், பலர் தனியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் தூணும் ஏ.ஏ.சி. சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விரிசல் வந்திருக்கிறதே, ஆபத்தா? நேராக, மெல்லியதாக, வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் ஆபத்தில்லை. இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் வருவது. பூசும்போது அந்த இடத்தில் கோழி வலை வைத்திருந்தால் வந்திருக்காது. பெயிண்ட் அடிக்கும்போது அந்தப் பட்டையை மட்டும் வெட்டி, வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். சாய்வாகவோ படிக்கட்டு மாதிரியோ போகிற விரிசல், மாதாமாதம் நீள்கிற விரிசல் என்றால் உடனே சங்கத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

நான்கு கோட்டேஷன்காரர்களுக்கும் ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் கொடுத்து, புதிதாக விலை கேட்க உங்கள் அனுமதி வேண்டும். அப்போது வருகிற விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். விலை கூடும், மறைக்கவில்லை. கூடுவது பெரும்பாலும் கீழ் 4 அடியில்தான். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நூல் பிடித்து மட்டம் பார்க்கிறோம். லைன் வீட்டுக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன், பைப் தண்ணீர் அவர்கள் வாசலில் விழாமல் எந்தப் பக்கம் கால்வாய் இழுப்பது என்று அவர்களும் வந்து காட்டுவார்கள். வருகிறவர்கள் செருப்பு போட்டு வாருங்கள், பழைய சுவரின் கம்பித் துண்டுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன.